அறுபத்திரண்டாம் பக்கத்து வரி

சொந்தக்காரங்க வீடு இல்ல அண்ணாச்சி. கூட வேலை பார்த்தவர் வீடு. கப்பல்ல. நான் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த ஆள்னு வச்சுக்கோங்க. அவர் சமையல்காரர். சேசுபாலன்னு பேரு. ஒரே கப்பல்ல பதினஞ்சு மாசம் இருந்தோம், அதுல கடைசி எழுபத்து நாலு நாள் நானும் அவரும் மட்டும். ரெண்டே பேர். அவ்வளவு பெரிய கப்பல்ல.

நீங்க திருநெல்வேலி வரைக்கும்தானே? அப்ப சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல தப்பு இருக்கான்னு.

வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகம். உள்ளே இல்ல, வெளியே நாலு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்னோம். கரை தெரியும். கிரேன் தெரியும். ரோட்டுல வண்டி போறது தெரியும். ஆனா இறங்க முடியாது. ஓனர் ஆளைக் காணோம், கப்பல் மேல கேஸ். கேஸ் முடியுற வரைக்கும் கப்பலையும் விடமாட்டாங்க, எங்களையும் விடமாட்டாங்க. மூணாவது மாசம் கேப்டனுக்கு சுகர் ஏறி மயக்கம் வந்து, கரையில இருந்து லாஞ்ச், அதான் மோட்டார் படகு, வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க. மிச்சம் பதினொரு பேர். பொறுப்பு என் தலையில. டீசல் கம்மி, அதனால ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர், குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும் சேர்த்து.

அந்த மாதிரி இடத்துல முதல்ல பேச்சு நின்னுரும் அண்ணாச்சி. எங்க போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர், நாள் பூரா ஒரே இடத்துல உக்காந்து துரு சுரண்டிக்கிட்டு இருப்பார். அங்க துருவே கிடையாது, இரும்பு பளபளன்னு ஆயிருச்சு. அப்பவும் சுரண்டுவார். சாப்பாட்டு நேரத்துல ஒரு கரண்டி கீழ விழுந்தா ரெண்டு பேர் சட்டையைப் புடிப்பாங்க. அப்படி இருந்துச்சு.

அப்பத்தான் நான் ஆட்டத்தை ஆரம்பிச்சேன். நான் ஆரம்பிச்சேன், அதை யாரும் மறுக்க முடியாது.

சீட்டு இல்ல, கேரம் இல்ல. இது கதை ஆட்டம். ஒருத்தர் கதையை நடத்துவார், அது நான். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். வாள்வீரன், வில்லாளி, திருடன், இப்படி. நான் ‘உனக்கு முன்னாடி ஒரு கதவு இருக்கு, கதவுல காவலாளி இருக்கான், என்ன செய்யப்போற’ன்னு கேப்பேன். நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை உருட்டிப் பாப்போம். இருபது முகம் உள்ள பகடை, பெரிய எண் விழுந்தா நடக்கும். காலேஜ்ல படிக்கும்போது சென்னையில பழகினது. பகடையும் எங்கூடவே இருந்துச்சு, ரூல் புக்கு லேப்டாப்ல இருந்துச்சு.

அது இங்கிலீஷ்ல முன்னூறு பக்கம். சேசுபாலனுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஜெனரேட்டர் ஓடுற அந்த ஒரு மணி நேரத்துல தினமும் கொஞ்சம் கொஞ்சமா நான் தமிழ்ல ஒரு நோட்டுல எழுதினேன். ரெண்டு மாசம் எழுதினேன். யார் செய்வாங்க? அதுக்கப்புறம் எங்க கப்பல்ல ரூல்னா அந்த நோட்டுதான்.

மூணு பேர் ஆடினாங்க. சேசுபாலன், எலக்ட்ரீஷியன் குமரகுரு, அப்புறம் எஞ்சின் ரூம் ஆயில்மேன் ஷேக் மைதீன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மெஸ்ல. முதல்ல மூணு பேர், அப்புறம் மத்தவங்களும் வந்து சுத்தி நின்னு பாக்க ஆரம்பிச்சாங்க. போசன்கூட துரு சுரண்டுறதை விட்டுட்டு வந்து நிப்பார். சண்டை குறைஞ்சது. தண்ணி அளந்து ஊத்தும்போது முணுமுணுக்கறது குறைஞ்சது.

கதை என்னன்னா, ஒரு கோட்டைக்குள்ள ஒரு கப்பல் மாட்டிக்கிட்டு இருக்கு. கடல்பக்கம் இரும்புக் கதவு. அந்தக் கதவைத் திறந்து கப்பலை வெளியே கொண்டுபோகணும். அது நான் சும்மா யோசிச்ச கதை. எங்க நிலைமைக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சேசுபாலனோட ஆள் பேரு கரியன். கையில வாள், வாயில மந்திரம், ரெண்டும் தெரிஞ்சவன். ஆனா ஒரு ரூல் இருக்கு. அவனவன் முறை வந்தா ஒரு செயல்தான். வாள் வீசினா மந்திரம் சொல்ல முடியாது, மந்திரம் சொன்னா வாள் வீச முடியாது. இல்லைன்னா ஒரே ஆள் எல்லாத்தையும் முடிச்சுருவான், மத்தவங்களுக்கு வேலையே இருக்காது. நியாயம்தானே?

அஞ்சு மாசம் ஆடி, கடைசியில அந்தக் கதவுக்கு வந்துட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பதினொரு பேரும் மெஸ்ல இருந்தோம். கரியனுக்கு உயிர் மூணு புள்ளிதான் பாக்கி. அடுத்த முறை காவலாளியோடது, அவன் அடிச்சா கரியன் செத்தான். வில்லாளிக்கு அம்பு தீர்ந்துபோச்சு. திருடன் அந்தக் கோட்டைக் கப்பல்ல இருக்கான். கரியன் காவலாளியை வெட்டினா கதவு திறக்காது. கதவைத் திறக்குற மந்திரம் சொன்னா, சொல்லி முடிக்கிறதுக்குள்ள காவலாளி வெட்டுவான். எதைச் செய்யப்போறான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

சேசுபாலன் நிதானமாச் சொன்னார், “சார், போன வாரம் கரியன் கிணத்தடியில தங்குனான்ல, அப்ப வாளுக்குள்ள ஒரு மந்திரத்தை ஏத்தி வச்சான். நீங்க குறிச்சு வச்சிருக்கீங்க.”

குறிச்சு வச்சிருந்தேன். திறப்பு மந்திரம்.

“இப்ப வாளை வீசுறேன். காவலாளி கதவுல சாஞ்சுதான் நிக்கான். அவனை வெட்டுற வெட்டு கதவுல படும். பட்டா உள்ள இருக்கிற மந்திரம் தானா வெளிய வரும். வாள் ஒண்ணுதான் நான் வீசுறேன், மந்திரம் நான் சொல்லல.”

அவர் உருட்டினார். பதினெட்டு விழுந்துச்சு. அண்ணாச்சி, எல்லாரும் கத்தினாங்க பாருங்க. போசன் மேசையை ரெண்டு கையாலயும் தட்டுறார். மைதீன் எந்திரிச்சு சேசுபாலனைக் கட்டிப்பிடிச்சுட்டான்.

நான் சொன்னேன், “வெட்டு விழுந்துச்சு. காவலாளிக்குக் காயம். கதவு திறக்கல.”

“ஏன் சார்?”

“ஒரு முறைக்கு ஒரு செயல். வாளும் மந்திரமும் சேர்த்துச் செய்ய ரூல் இல்ல.”

குமரகுரு எந்திரிச்சார். “சார், ரூல் இருக்கு. உங்க லேப்டாப் சார்ஜர் ரிப்பேர் பண்ணும்போது நான் அந்தப் பக்கத்தைப் படிச்சேன். ஆயுதத்துல ஏத்தின மந்திரம் தனிச் செயலாக் கணக்கு ஆகாதுன்னு ஒரு வரி இருக்கு.”

“நோட்டுல காட்டுங்க.”

“நோட்டுல இல்ல சார். லேப்டாப்பை எடுங்க, பாத்துரலாம்.”

“ஜெனரேட்டர் இன்னைக்கு ஓடி முடிஞ்சுருச்சு. ஒரு விளையாட்டுக்காக டீசல் எரிக்க முடியாது.”

“நாளைக்குப் பாத்துட்டு ஆடுவோம் சார்” அப்படின்னார் சேசுபாலன். கெஞ்சல் இல்ல. சாதாரணமாத்தான் கேட்டார். “ஒரு நாள்தானே.”

நீங்க என் இடத்துல இருந்து பாருங்க. பத்து பேர் முன்னாடி இன்னைக்கு நான் விட்டுக்கொடுத்தா, நாளைக்குத் தண்ணி அளக்கும்போது ‘நோட்டுல இல்ல, ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு’ம்பான் ஒருத்தன். கப்பல் அப்படி ஓடாது. நான் சொன்னேன், “நோட்டுல இல்லாதது ஆட்டத்துல இல்ல. காவலாளி முறை.” நானே உருட்டினேன். பதினாலு. கரியன் செத்துட்டான். கதவு மூடியே இருந்துச்சு.

சேசுபாலன் பகடையை எடுத்து டப்பாவுல போட்டு, மூடியைத் திருகி, என் பக்கம் தள்ளி வச்சுட்டு அடுப்பைப் பாக்கப் போய்ட்டார். மறுநாள் நாலு மணிக்கு நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு நான் மட்டும் உக்காந்திருந்தேன். அதுக்கு மறுநாளும். வெளியே சர்ர்ர் சர்ர்ர்னு போசன் சுரண்டுற சத்தம் கேட்டுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு கப்பல் ஏஜென்ட் லாஞ்ச்ல வந்தார். கோர்ட் ஒத்துக்கிச்சு, எல்லாரும் ஊருக்குப் போகலாம். ஆனா கப்பலை ஆள் இல்லாம விடக்கூடாது, ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் ஆபீசர், அது நான், வேற வழி இல்ல. இன்னொருத்தர் யாருன்னு நானே முடிவு பண்ணலாம்னுட்டார்.

மைதீன் கையைத் தூக்கினான். “நான் இருக்கேன் சார். எனக்கு ஊர்ல அவசரம் ஒண்ணும் இல்ல.” நல்ல பையன், கல்யாணம் ஆகல. எஞ்சினும் தெரியும்.

நான் சேசுபாலன் பேரைச் சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? காரணம் இருக்கு. ரெண்டு மாசமோ மூணு மாசமோ, சாப்பாடு முக்கியம். சமையல் தெரிஞ்ச ஆள் வேணும். இதுல ஆட்டத்தை நான் மனசுல வைக்கவே இல்ல. அவர் மகளுக்குக் கல்யாணம்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா, சொல்லியிருக்கார். கோயில்ல கல்யாண ஓலை எழுதியாச்சு, பிப்ரவரி ஆறாம் தேதின்னு சொல்லியிருக்கார். ஆனா அதுக்குள்ள எங்களையும் விட்டுருவாங்கன்னு நான் நினைச்சேன். ஏஜென்ட்டும் சீக்கிரம்தான்னார்.

சேசுபாலன் “சரி சார்”னார். அவ்வளவுதான். ஒம்போது பேரும் லாஞ்ச்ல ஏறினாங்க. அவரைக் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. எனக்கு குமரகுரு மட்டும் கை கொடுத்தார். அதுவும் விரல் நுனியால.

அப்புறம் நாங்க ரெண்டு பேர்.

அவர் மூணு வேளையும் சமைப்பார். தட்டுல போட்டு மெஸ்ல என் இடத்துல வச்சுட்டுப் போயிருவார். தான் எங்க சாப்பிடறார்னு தெரியாது. ‘சாப்பாடு வச்சிருக்கேன் சார்.’ ‘தண்ணி இவ்வளவுதான் இருக்கு சார்.’ இதைத் தவிரப் பேச்சு இல்ல. தினமும் காலைல பத்து மணிக்குக் கத்தி தீட்டுவார். வெட்டுறதுக்குக் காய்னு பாத்தா நாலு வெங்காயம்தான் இருக்கும். ஆனாலும் அரை மணி நேரம் தீட்டுவார். அந்தச் சத்தம் இரும்புச் சுவர் வழியா என் ரூமுக்கு வரும். நான் கதவைத் தாழ் போட்டுக்குவேன். பயம் இல்ல, ஜாக்கிரதை. கொஞ்ச நாள் கழிச்சு அவர் வச்ச தட்டைத் தொடாம, சட்டியில இருந்து நானே போட்டுச் சாப்பிட்டேன். அவர் அதைக் கவனிச்சார். அடுத்த நாள்ல இருந்து தட்டு வைக்கிறதை விட்டுட்டு, சட்டியை மேசையில வச்சு, எனக்கு முன்னாடியே ஒரு கரண்டி எடுத்து வாயில போட்டுக் காட்டிட்டுப் போவார். தினமும்.

பிப்ரவரி ஆறாம் தேதி வந்துச்சு. எங்களை விடல. அவர் போன் என்னைக்கோ செத்துப்போச்சு. என் போன்ல நாப்பது பெர்சன்ட் இருந்துச்சு. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எவ்வளவு அருமையான சார்ஜ் தெரியுமா அது? கப்பலோட முன்பக்கம்தான் சிக்னல் வரும். அங்க போய் நின்னு வீடியோல கோயிலைப் பாத்தார். பொண்ணு பேரு பிரிஸில்டா. சர்ச்ல சாமியார் பூசை வைக்கிறது வரைக்கும் தெரிஞ்சது, அதுக்கப்புறம் படம் நின்னு நின்னு வந்துச்சு. தாலி கட்டுற நேரத்துல சுத்தமாப் போயிருச்சு. அவர் போனைக் காதுல வச்சுக்கிட்டே நின்னார். திருப்பிக் கொடுக்கும்போது துடைச்சுக் கொடுத்தார். அன்னைக்கும் மதியம் பன்னெண்டரைக்கு மேசையில சட்டி இருந்துச்சு.

அறுபதாவது நாள், பகல் ஒரு மணி இருக்கும். திடீர்னு புழுதிக்காத்து. வானம் செம்மண் கலர் ஆயிருச்சு. நான் மேல நின்னு பாக்குறேன், கரையில இருக்கிற கிரேன் நகருது. கிரேன் எங்க நகரும்? கப்பல்தான் நகருது. நங்கூரம் மண்ணுல பிடிக்காம இழுத்துக்கிட்டு வருது. எங்களுக்குப் பின்னாடி அரை மைல்ல ஒரு எண்ணெய்க் கப்பல் நிக்குது. எண்ணெய் நிறைய.

“சேசு!”ன்னு கத்தினேன். அவர் ஏற்கெனவே முன்பக்கம் ஓடிட்டு இருந்தார்.

இன்னொரு நங்கூரம் இருக்கு, அதை இறக்கணும். சங்கிலியைப் பிடிச்சு வச்சிருக்கிற இரும்புத் தாழ் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. நான் சொன்னேன், ஜெனரேட்டர் போட்டு, சங்கிலியைச் சுத்துற விஞ்ச்சுக்குக் கரண்ட் கொடுத்து, சங்கிலியைக் கொஞ்சம் இழுத்துட்டு, அப்புறம்தான் தாழை எடுக்கணும், அதுதான் முறைன்னு. அவர் பின்னாடி பாத்தார். எண்ணெய்க் கப்பலோட பேரு எழுத்து எழுத்தாத் தெரியுது.

“சங்கிலி பிரேக்கைப் புடிங்க சார். நான் சொல்லும்போது விடுங்க.”

சம்மட்டியை எடுத்து அடிச்சார். ஏழு, எட்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் துரு பறக்குது. தாழ் தெறிச்சு விழுந்துச்சு. “விடுங்க!”ன்னு கத்தினார். விட்டேன். சங்கிலி இடி மாதிரி இறங்குச்சு, ஒண்ணும் தெரியல, ஒரே செந்தூள். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கிரேன் நகரல. எண்ணெய்க் கப்பல்ல நின்ன ஒருத்தனோட முகம் எனக்குத் தெரிஞ்சது அண்ணாச்சி. அவ்வளவு பக்கம்.

சேசுபாலன் உள்ளங்கை கிழிஞ்சு தொங்குது. மெஸ்ல உக்கார வச்சு நான்தான் கழுவிக் கட்டுப்போட்டேன். அன்னைக்கு ஜெனரேட்டரைக் கூடுதல் நேரம் ஓடவிட்டிருந்தேன். லேப்டாப் பக்கத்துலயே இருந்துச்சு. சும்மா தொறந்தேன். அறுபத்திரண்டாம் பக்கம். அப்பத்தான் பாத்தேன். ‘ஆயுதத்தில் முன்பே ஏற்றப்பட்ட மந்திரம், அடி விழும்போது வெளிப்படும், அது தனிச் செயல் ஆகாது.’ ஒரே ஒரு வரி. நான் எழுதும்போது பேட்டரி நாலு பெர்சன்ட்ல இருந்துச்சு, அதனால விட்டுப்போச்சு. வேணும்னு விடல.

மனசு கேக்காம அவர்கிட்டச் சொன்னேன். “சேசு, அந்த வரி இருக்கு. இப்பத்தான் பாத்தேன்.”

அவர் கட்டுப் போட்ட கையையே பாத்துக்கிட்டு இருந்தார். “இப்பவா சார்?”

“ஆமா.”

“ஆட்டம் முடிஞ்ச மூணாவது நாள் லேப்டாப்ல அந்தப் பக்கத்தைத் தொறந்து வச்சுட்டு நீங்க டீ எடுக்கப் போனீங்க. குமரகுரு பாத்துட்டு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்.”

நான் லேப்டாப்பை மூடினேன்.

“லாஞ்ச் வந்த அன்னைக்கு என் பேரைச் சொன்னீங்கல்ல, அப்பவே எல்லாருக்கும் தெரியும் சார். நீங்க சொல்வீங்க சொல்வீங்கன்னு ஆறாம் தேதி வரைக்கும் பாத்தேன்.” எந்திரிச்சார். “கஞ்சி வைக்கிறேன். ஒரு கை, கொஞ்சம் லேட் ஆகும்.”

சரி, மூணாவது நாளே பாத்தேன். பாத்தா என்ன அண்ணாச்சி? முடிஞ்ச ஆட்டம் முடிஞ்சதுதான். செத்தவனை எழுப்பவா முடியும்? அதுவும் எல்லாரும் கோபமா இருக்கிற நேரத்துல நான் போய்த் தப்புன்னு சொன்னா, அதுக்கப்புறம் யார் என் பேச்சைக் கேப்பாங்க? ஒரு பொறுப்புல இருந்து பாத்தாத்தான் தெரியும்.

இன்னும் பதினாலு நாள்ல விட்டுட்டாங்க. சென்னை ஏர்போர்ட்ல பெல்ட்டுல பேக் எடுக்கும்போது பாத்தேன், திரும்பறதுக்குள்ள போய்ட்டார். வந்து பத்து மாசம் ஆச்சு. போன் பண்ணினா எடுக்கமாட்டார். நம்பர் மாத்தியிருப்பார். அதான் நேர்ல பாத்துரலாம்னு இன்னைக்குக் கிளம்பி வந்தேன். கல்யாணத்துக்குக் கொடுக்கணும்னு ஒரு குக்கர், அஞ்சு லிட்டர், நல்ல கம்பெனி.

அவர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்துச்சு. உள்ள சிரிப்புச் சத்தம். எட்டிப் பாக்குறேன், நடு ஹால்ல மேசை. சேசுபாலன் உக்காந்திருக்கார். மைதீன் இருக்கான். போசன் இருக்கார், ஆள் நல்லா சதை போட்டிருக்கார். ஒரு தம்ளர்ல போனைச் சாய்ச்சு வச்சிருக்காங்க, அதுல கடலூர்ல இருந்து குமரகுரு. அந்தப் பொண்ணு பிரிஸில்டாவும் அது மாப்பிள்ளையும். மேசையில பகடை. அதே ஆட்டம் அண்ணாச்சி! மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆடுறாங்களாம். கதை நடத்துறது சேசுபாலன். முன்னாடி ஒரு புது நோட்டு.

என்னைப் பாத்ததும் சிரிப்பு நின்னுச்சு. பழக்கம் விட்டுப்போச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். “வாங்க சார்”னார். சுவரோரம் ஒரு சேர் போட்டாங்க. பிரிஸில்டா டீ கொடுத்துச்சு, குக்கரை வாங்கிட்டு “தேங்க்ஸ் அங்கிள்”னுச்சு. அப்புறம் ஆட்டம் தொடர்ந்துச்சு.

நான் பேசாமத்தான் இருந்தேன். அரை மணி நேரம் இருந்தேன். அப்ப அந்தப் பொண்ணோட முறை. ஈட்டியை வீசுறேன், அதுலயே தீ மந்திரத்தையும் சேர்த்து விடுறேன்னுச்சு. ஏத்தி வைக்கவே இல்ல! முன்னாடியே ஏத்தி வச்சிருந்தாத்தான் அந்த வரி செல்லும். இது எனக்கு நல்லாத் தெரியும், அறுபத்திரண்டாம் பக்கம் எனக்குத் தெரியுற மாதிரி யாருக்குத் தெரியும்? நான் சொன்னேன், “அது செல்லாதும்மா.”

மேசையில எல்லாரும் அப்படியே இருந்தாங்க. போன்ல குமரகுருகூட அசையல, நெட் நின்னுபோச்சோன்னு நினைச்சேன்.

சேசுபாலன் என் பக்கம் திரும்பல. “செல்லும்”னார். “நீ உருட்டும்மா.”

அது உருட்டுச்சு. என்ன விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியல, எல்லாரும் குனிஞ்சு மறைச்சுட்டாங்க. ஒரே கத்தல். இந்தத் தடவை ரூல் என் பக்கம்தான் அண்ணாச்சி, சத்தியமா என் பக்கம்தான்.

நான் எந்திரிச்சேன். அவர் வாசல் வரைக்கும் வந்தார். மரியாதை தெரிஞ்சவர், அதைச் சொல்லணும். செருப்பு மாட்டினேன். கையைப் பாத்தேன், உள்ளங்கையில தழும்பு இருந்துச்சு. ஏதாவது சொல்லுவார்னு நின்னேன்.

“திருநெல்வேலி பஸ் நாலு அம்பதுக்கு சார். இப்பப் போனாப் புடிச்சிரலாம்”னார்.

வேகமா நடந்து வந்தேன். ஸ்டாப்ல நின்னேன், நின்னேன், பஸ் வரல. டீக்கடைக்காரர் சொல்றார், நாலு அம்பதுக்கு இங்க பஸ்ஸே கிடையாது, எப்பவும் ஆறு மணிக்குத்தான்னு. இந்த பஸ்தான் அது. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னிருக்கேன்.

அத்தனை மாசம் கடல்ல கிடந்தவர் பாருங்க. சொந்த ஊர் பஸ் நேரம்கூட மறந்துபோச்சு, பாவம்.